கே. பி. சுந்தராம்பாள் - நாம் அறிந்த ஔவை

எமது பாடசாலை மேடையில் ஔவையார் வேடமிட்ட மாணவிக்கு நாம் என்னென்ன செய்தோம் என்பது பலருக்கு நினைவிருக்கும். தலைக்குப் பவுடர் பூசி நரைக்க வைத்தோம். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையிலே ஒரு தடி. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் வகுப்பிலே படித்தோம். ஔவையின் நடையையும் குரலையும் மட்டும் திரையிலிருந்தே எடுத்துக்கொண்டோம். 1953இல் ஜெமினி வெளியிட்ட 'ஔவையார்' படத்தில் நடித்த கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாளே அந்த ஔவை.

பெண்கள் பாடசாலையின் மலரிலே நாடகக்காரி ஒருவருக்கு இடமா என்று எமது பாட்டிமார் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவர்கள் காலத்தில் மேடையேறிப் பாடும் பெண்ணைக் குடும்பத்துப் பெண்ணாக யாரும் மதித்ததில்லை. அதனாலேயே இவரைப் பற்றி எழுத விரும்பினோம்.

1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். வீட்டில் வறுமை. குரல் மட்டும் வாய்த்தது. சிறுமியாகவே வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுவும் விடியும்வரை. பிற்காலத்தில் அவர் பாட்டிலே ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழுந்ததற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்பது எமது எண்ணம்.

அவருடைய வாழ்க்கை திரும்பியது நம் நாட்டில்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல், ரயில் தொடர்பு ஏற்பட்டபின், தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் திரைச்சீலைகளையும் ஆர்மோனியத்தையும் கட்டிக்கொண்டு இலங்கைக்கு வருவது வழக்கமாயிற்று. 1920களின் நடுப்பகுதியில் சுந்தராம்பாள் கொழும்பில் பெயரெடுத்திருந்தபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அங்கு வந்து சேர்ந்தார். சுந்தராம்பாளோடு பாடி ஈடுகொடுக்க முடியாது என்று கிட்டப்பாவைச் சிலர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள், சனம் திரண்டது. வள்ளியும் முருகனுமாக நடித்தவர்கள் 1927இல் மணம் செய்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்து இருவரும் பிரிந்தும் வாழ்ந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகையில்லை, ஆண் நடிகரோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதி. பலரும் இதைப் பத்தினித் தவம் என்று போற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை என்பதை அவ்வளவு பேரும் ஏன் ஒரு வரியில் கடந்து போகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. வெள்ளைச் சேலையோடுதான் அடுத்த நாற்பதாண்டு உழைத்தார்.

'நந்தனார்' படத்துக்கு அழைப்பு வந்தபோது, தட்டிக்கழிக்க எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சம்மதித்துவிட்டார்! அதுவரை எந்த நடிகரும் காணாத தொகை. 1935இல் வந்த அந்தப் படத்தில் அவருக்கு நந்தனார் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். மீசை ஒட்டி அரசனாகவும் அமைச்சனாகவும் நடித்த நமக்குப் பெண் ஆண்வேடம் போடுவது புதிதல்ல. அன்றைய விமர்சகர்களுக்கோ அது கேலிக்கிடமாயிற்று. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1940இல் 'மணிமேகலை' வந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி.

அந்தக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். தலைவர்கள் பேசுமுன் கூட்டத்தைச் சேர்த்துத் தந்தது அந்தக் குரல். 1951இல் சென்னை மாகாண சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் திரைத்துறையிலிருந்து சட்டமன்றம் புகுந்த முதலாமவர் என்று அவரைச் சொல்வார்கள்.

'ஔவையார்' வெளிவந்தபோது அவருக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை. முதுமைக் கோலத்தில் தமிழ் சொல்லி, அரசர்களைத் தட்டிக்கேட்டு, ஊர் ஊராக நடந்த அந்தப் பாத்திரத்துக்குக் கணவனும் இல்லை, காதலனும் இல்லை. முழுப் படத்தையும் ஒரு கிழவி தாங்கி நின்றாள். தமிழ்த் திரையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி எத்தனை படம் வந்தது? 'பூம்புகார்' படத்தில் (1964) கவுந்தியடிகள். 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) இரண்டிலும் மறுபடி ஔவை. கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் முதலில் கேட்பது அவருடைய முருகன் பாட்டாகவே இருக்கும். துறைமுகத்துக் காற்று அதைக் கடலுக்கு மேலால் கொண்டுபோகும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் சகோதரிகள் அந்தக் குரலைக் கேட்டதும் ஊர் ஞாபகம் வந்து அழுததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

'துணைவன்' படத்தில் பாடியதற்காக இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ. பாட்டுப் பாடிச் சேர்த்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கைக் கட்டித் தம் பெயரையே அதற்கு வைத்தார். 1973இல் 'காரைக்கால் அம்மையார்' படத்தில் நடித்தார். 1980 செப்டம்பரில் தமது 71ஆவது வயதில் காலமானார்.