சக் ஷுல்டினர்

இசை என்றவுடன் நாம் இனிமை ஒன்றையே எண்ணுதல் வழக்கம். ஆயின் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை வகுத்தவிடத்து உவகையை மட்டுமன்றி, அழுகையையும் இளிவரலையும் அச்சத்தையும் வெகுளியையும் உடன் வைத்தார். இவையும் மாந்தர் உள்ளத்தில் எழுவனவே. ஆதலின் கலையில் இவற்றிற்கும் இடமுண்டு. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மேல்நாட்டில் தோன்றிய 'டெத் மெட்டல்' என்னும் இசைவகை, அச்சத்தையும் இளிவரலையும் அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. அதனை உருவாக்கியோருள் தலைசிறந்தவர் சக் ஷுல்டினர் என்னும் அமெரிக்கர். அவ்வன்மையான இசைக்குள் பண்ணின் அழகைக் கொணர்ந்தோருள்ளும் அவர் ஒருவராவர். அவருடைய வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

சார்லஸ் மைக்கேல் ஷுல்டினர் 1967-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அடுத்த ஆண்டில் அவர்தம் குடும்பத்தார் ஃபுளோரிடாவிற்குக் குடிபெயர்ந்தனர். மக்கள் மூவருள் இவரே இளையவர். இவருக்கு ஒன்பது வயது நிகழும்போது, பதினாறே வயதான தமையனார் மோட்டார் விபத்தொன்றில் உயிர்நீத்தார். அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் இழவும் ஒன்றென நாம் படித்திருக்கின்றோம். இச்சிறுவரோ அதனை வாழ்க்கையிலேயே கண்டார்.

மகனின் துயர் தணியுமாறு பெற்றோர் ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தனர். ஆசிரியர் கற்பித்த பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஓராண்டு நிரம்புமுன்னரே அதனை விட்டார். பின்னர் ஒரு வீட்டு வாயிலில் பழம்பொருள்களோடு விலைக்கு வைத்திருந்த மின்சாரக் கித்தார் ஒன்றைப் பெற்றோர் கண்டு வாங்கினர். அன்றுமுதல் அக்கருவி அவர் கையை விட்டு நீங்கவில்லை.

1983-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், நண்பர் இருவருடன் 'மாண்டாஸ்' என்னும் குழுவைத் தொடங்கினார். மறு ஆண்டில் அதற்கு 'டெத்', அஃதாவது சாவு, என்று பெயர் மாற்றினார். தமையனாரின் மறைவை ஓர் ஆக்கமாக மாற்றும் எண்ணம் அப்பெயரில் இருந்ததென்பர். அவர்தம் பாடல்களை வெளியிடுவார் அந்நாளில் இலர். ஆகவே ஒலிநாடாக்களிற் பதிந்தனர். அவற்றின் படிகளை இளைஞர்கள் அஞ்சல் வழியே ஒருவர்க்கொருவர் அனுப்பிப் பல நாடுகளிலும் பரப்பினர். முதல் இசைத்தொகுப்பு 1987-இல் வெளிவந்தது. டிரம் ஒழிந்த ஏனைய கருவிகளை வாசித்தவரும் பாடியவரும் ஷுல்டினரே. அவரை இவ்விசையின் தந்தையென்று பலரும் போற்றினர்; அவர் அப்பெருமையைத் தமக்கே உரியதாகக் கொள்ள இசையவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த 'பொசஸ்ட்' குழுவினர் 1985-லேயே இத்தகைய தொகுப்பொன்றை வெளியிட்டிருந்தனர்.

அவரிடத்துக் குறைகளும் இருந்தன. பள்ளிப் படிப்பை முடிக்காமல் இடையில் நிறுத்தி, அதற்காகப் பின்னாளில் வருந்தினார். 1990-இல் ஐரோப்பியப் பயணத்திற்கு ஏற்பாடுகள் போதாவென்று கருதி அவர் செல்ல மறுத்தார். தோழர்கள் அவரின்றியே சென்றனர். அதனோடு நட்பு முறிந்தது. அதன்பின் தொகுப்புக்குத் தொகுப்பு வாசிப்போர் மாறிக்கொண்டே இருந்தனர்.

ஆயினும் இம்மாற்றமே இசைக்கு வளமாயிற்று. தொடக்கத்துப் பாடல்கள் குருதியையும் பிணத்தையும் பாடின. 1991-இல் வந்த 'ஹியூமன்' தொகுப்பு முதலாக மனித உள்ளமே பொருளாயிற்று, தாளம் நுட்பமாயிற்று, பண் தெளிவாயிற்று. இரண்டு கித்தார்கள் ஒரே மெட்டினை மேலும் கீழுமாக இணைந்து செல்லும் முறை, அவர் சிறுவயதில் விரும்பிக் கேட்ட 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கிலக் குழுவினரிடம் சிறந்து விளங்கியது. அதனைக் கடுங்குரலோடும் விரைந்த டிரம் முழக்கத்தோடும் பொருத்தினால், வெகுளியின் நடுவே அழுகை ஒலிக்கும்.

இவ்வழியைப் பிறரும் நாடினர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக் 'கார்காஸ்' குழுவினர் 1993-இல் 'ஹார்ட்வொர்க்' என்னும் தொகுப்பை அளித்தனர். சுவீடனில் கோதன்பர்க் நகரத்து இளைஞர்கள் 'அட் தி கேட்ஸ்', 'டார்க் டிராங்குவிலிட்டி', 'இன் ஃபிளேம்ஸ்' முதலிய குழுக்களால் 1995, 1996-ஆம் ஆண்டுகளில் அதனை நிலைநாட்டினர். 'மெலோடிக் டெத் மெட்டல்' என உலகெங்கும் பரவியது இதுவே. ஷுல்டினரின் 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கித்தார் வாசித்த ஆண்டி லாரோக் கோதன்பர்க் நகரத்தவர். 'அட் தி கேட்ஸ்' குழுவின் 1995-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் வாசிப்பு உண்டு. கடல் கடந்த இவ்விரு நிலங்களையும் அவர் கை இணைத்தது.

'டெத்' குழுவின் இறுதித் தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. அதன் பெயர் விடாமுயற்சியின் ஒலி என்று பொருள்படும். அதில் ஆன்மாவின் குரல் என்னும் பெயருடைய பகுதியில் குரலுமில்லை, டிரம்மும் இல்லை. கித்தார் ஒன்றே புலம்புகின்றது. கேட்டவர் அதனை எளிதில் மறவார்.

1999-ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாவது பிறந்தநாளன்று, மூளைத் தண்டில் கட்டி இருப்பதை அவர் அறிந்தார். 2000-ஆம் ஆண்டு சனவரியில் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. கட்டியின் ஒரு பாதியையே அகற்ற இயன்றது. மருத்துவச் செலவைக் குடும்பத்தாரால் தாங்க முடியவில்லை. இசைவாணர்கள் அவர்பொருட்டு நிகழ்ச்சிகள் நடத்தினர். முகமறியா அன்பர்கள் பொருள் அனுப்பினர். நோயினிடையிலும் 'கன்ட்ரோல் டினைட்' என்னும் தம் புதிய குழுவிற்காக அவர் இசையமைத்து வந்தார். அப்பணி முற்றுப்பெறுமுன், 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், முப்பத்து நான்காம் வயதில் காலமானார்.

சாவென்று தம் குழுவிற்குப் பெயரிட்டவர், இயலுமாயின் என்றென்றும் வாழ விரும்புவதாகக் கூறியவர். விலங்குகளிடத்தும் பேரன்பு பூண்டவர். இதில் முரண் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. உயிரின் அருமையை ஒன்பது வயதிலேயே அறிந்த ஒருவர், சாவை நேர்நின்று பாடினார். பாடப்பாட அப்பாட்டில் அச்சம் குறைந்து இரக்கம் மிகுந்தது. அவருடைய தொகுப்புகளை ஆண்டு முறையே கேட்பார் இவ்வளர்ச்சியைத் தாமே உணர்வர். துயருற்ற மகன் கையில் ஒரு கித்தாரைக் கொடுத்த அப்பெற்றோரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.