நம்பியதையும் ஆராய்ந்த பண்டிதர்

காத்தவராயன் என்ற பெயருடன் 1845-இல் பிறந்தவர், தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் அத்வைதத்தை நம்பி, நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தினார்.

1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியது. நம் மக்களையும் கோயிலுக்குள் விட வேண்டும் என்று அங்கே கேட்டார். படித்தவர்கள் நிறைந்த அவை மறுத்தது. உயிர்கள் ஒன்று என்போர் வாசலில் வேறுபாடு பார்த்தார்கள்.

நான் இன்னார் என்ற எண்ணத்தையும் விழிப்போடு ஆராயச் சொல்வது பௌத்தம். பண்டிதர் அதன் பக்கம் திரும்பினார். 1898-இல் அடையாறு பிரம்மஞான சபையின் ஆல்காட்டைச் சந்தித்து, இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். அப்போது வயது 53. ஊர் திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார்.

1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வந்தது. நாம் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததால் தாழ்த்தப்பட்டோம் என்று எழுதினார். பிறவி இழிவு என்று நம்பியிருந்தவர்கள், அது பிறர் சுமத்தியது என்று அறிந்தார்கள்.

1914-இல் பண்டிதர் மறைந்தார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. சென்னை செல்லும் மாணவர்கள் அவசியம் பார்த்து வர வேண்டும்.