கட்டிகளோடு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போன வைத்தியர்

1955 ஜூலை 21 அன்று, ஸ்கொட்லாந்தின் ரென்ஃப்ரூ நகரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. அவற்றின் பின்பெட்டிகளில் இருந்தவை, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளும் சூலக நீர்க்கட்டிகளும். கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் பேராசிரியர் இயன் டொனால்ட். உலோகத்துக்குள் மறைந்திருக்கும் வெடிப்பை ஒலியலை அனுப்பிக் கண்டுபிடிக்கும் கருவி அந்தத் தொழிற்சாலையில் இருந்தது. அதே கருவி மனித உடலின் கட்டிக்குள் எதையாவது காட்டுமா என்று பார்க்க வந்திருந்தார். அங்கு பணிப்பாளராக இருந்த ஒருவரின் மனைவி அவரிடம் சிகிச்சை பெற்றவர்; அந்த அறிமுகத்தில்தான் கதவு திறந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் தயாராக இருந்தது. திண்மமான கட்டி ஒரு விதமாகவும் நீர் நிறைந்த கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. டொனால்டுக்கு அது போதுமாக இருந்தது.

கொக்கட்டிச்சோலையில் இருந்துகொண்டு இந்த மனிதரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு நாக்கு. எனக்கு மருமகள் முறையான ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதம் ஸ்கேன் செய்தபோது, குழந்தையின் நாக்கு சற்றுப் பெரிதாகத் தெரிகிறது, சில வாரங்களில் மீண்டும் அளந்து பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பிறக்காத பிள்ளையின் நாக்கை எப்படி அளப்பார்கள், அளந்து என்ன செய்வார்கள் என்று வீடு முழுக்கக் குழம்பிப் போயிருந்தது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் டொனால்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது 1910 டிசம்பர் 27, இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில். தந்தையும் பாட்டனாரும் வைத்தியர்கள். இளமையில் சில காலம் தென்னாபிரிக்காவில் வளர்ந்தார். 1937 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வைத்தியராகப் பணியாற்றினார். எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் நுழைந்து வீரர்களைக் காப்பாற்றியதற்காக அவருக்கு விருது கிடைத்தது. ராடாரும் சோனாரும் அவருக்கு அறிமுகமானது அந்த நாட்களில்தான். கடலுக்கடியில் நீர்மூழ்கியைத் தேடிய அறிவு பின்னாளில் பனிக்குட நீருக்குள் குழந்தையைத் தேட உதவியது. போரில் இருந்து மிஞ்சிய நல்லவை குறைவு; அவற்றில் இது ஒன்று.

1954 இல் கிளாஸ்கோ பேராசிரியரானார். அக்காலத்தில் கருவைப் பார்க்க இருந்த ஒரே வழி எக்ஸ்ரே. அது பிள்ளைக்குப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும் என்று 1950களின் பிற்பகுதியில் அலிஸ் ஸ்டுவர்ட்டின் ஆய்வு எச்சரித்தது. ரொம் பிரவுண் என்ற இளம் பொறியியலாளர், வைத்தியசாலை ஒன்றில் மின்விளக்கு வேலைக்குப் போன இடத்தில் டொனால்டின் முயற்சியைக் கேள்விப்பட்டு, தானாகவே தொலைபேசியில் அழைத்துச் சேர்ந்துகொண்டார். வைத்தியர் ஜோன் மெக்விகாரும் இணைந்தார். சக வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் கருவியை வைத்தபோது, உள்ளே இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7 அன்று மூவரின் கட்டுரையும் லான்செட் இதழில் வெளிவந்தது.

ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று பெண்களிடம் சொல்வார்களே, அதுவும் டொனால்ட் கண்டதுதான். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி ஒலிக்கு வழிவிடுகிறது. அதனூடாக மிக இளம் கருவையும் பார்க்கலாம் என்று 1960களின் தொடக்கத்தில் காட்டினார்.

பார்த்ததோடு அவர் குழு நிற்கவில்லை, அளந்தது. முதலில் அளந்தது தலையை. அவரிடம் பயின்ற ஸ்டுவர்ட் கம்பெல் 1968 இல் தலை அளவீட்டைச் செம்மைப்படுத்தினார். பிறகு வயிறு, தொடை எலும்பு என்று அளவுகள் பெருகின. 1997 இல் இஸ்ரேலிய வைத்தியர்கள் 14 முதல் 26 வாரம் வரையான கருக்களின் நாக்கை அளந்து, வாரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். குழந்தை பனிக்குட நீரை விழுங்க வாய் திறக்கும்போது நாக்கின் விளிம்பு தெரியும். அந்த விளிம்பைச் சுற்றி அளக்கிறார்கள். குழந்தை ஆடாமல் இருக்க வேண்டும், முகம் சரியான பக்கம் திரும்ப வேண்டும். அதனால்தான் மீண்டும் வரச் சொல்கிறார்கள்.

பெரிதாக இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் பெக்வித்-வீடமன் என்ற பிறவிக் கோளாறில் நாக்கு பெரிதாகும். அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இரத்தத்தில் சீனி சடுதியாகக் குறையலாம். டவுன் கோளாறிலும் நாக்கு வெளியே தள்ளித் தெரிவதுண்டு. மிகப் பெரிய நாக்கு முதல் மூச்சையே அடைக்கக்கூடும். அந்த நிமிடத்தில் பக்கத்தில் குழந்தை வைத்திய நிபுணர் நிற்க வேண்டும். படுவான்கரையில் இருக்கும் ஒரு தாய்க்கு இந்த அளவீட்டின் பயன் இதுதான்: வலி வந்த பிறகு வாகனம் தேடாமல், நாள் குறித்து முன்கூட்டியே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போய்விடலாம்.

டொனால்ட் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். பிரித்தானியாவின் 1967 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக நின்றார். அவர் உருவாக்கிய கருவியோ, குறையுள்ள கருவைக் கண்டு கலைக்கவும் பயன்பட்டது. அது அவரை வருத்தியது. அவருடைய நிலைப்பாடு முழுவதையும் நான் ஏற்கவில்லை. தாயின் முடிவுக்கு அதில் இடம் மிகக் குறைவு. இலங்கைச் சட்டத்திலும் அந்த இடம் இல்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி இங்கே கருக்கலைப்புக்கு அனுமதி கிடையாது. அப்படியிருக்க, குறையைச் சொல்லிவிட்டு ஒரு பெண்ணைத் தனியே வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. தெரிந்த செய்தியோடு ஆலோசனையும் பிரசவத் திட்டமும் அவள் கைக்கு வர வேண்டும்.

வாழ்நாளின் பெரும்பகுதி அவருக்கே இதய நோய் இருந்தது. பெரிய இதய சத்திரசிகிச்சைகளுக்கு இடையிலும் வேலையை விடவில்லை. 1976 இல்தான் ஓய்வு பெற்றார். 1987 ஜூன் 19 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் காலமானார். அந்த ஆண்டின் ஜனவரியில்தான் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலையில் தன் மக்களைப் பறிகொடுத்திருந்தது. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. அது 2014 இல் வந்தது. அதுவரைக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களும் துறையில் பாதை வரும்வரை காத்திருந்துதான் வாவியைக் கடந்தார்கள்.