கூலியாளாய் வந்த குருவானவர்



டிக்கோயாவிலிருந்து ஹற்றனுக்குப் பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் பலர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. புகையிரதம் ஏறிக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். சிலர் கடல் கடந்து அரபு நாடுகளுக்கும் போகிறார்கள். போகிற பிள்ளையின் பெட்டியில் மாற்றுடைகளோடு ஒரு செபமாலையையும் வைத்தனுப்புவது நம் தாய்மாரின் வழக்கம். அந்தச் செபமாலை போன இடத்தில் கைக்கு வருகிறதா, பெட்டியின் அடியிலேயே கிடக்கிறதா என்ற கவலை எந்தத் தாய்க்குத்தான் இல்லை? அந்தக் கவலை உள்ள வீடுகளிலே அவசியம் சொல்லவேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. அது செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கால்நடையாகவே இந்நாடெங்கும் விசுவாசத்தைச் சுமந்து சென்ற புனித யோசவ் வாஸ் அடிகளாரின் சரித்திரம்.

அடிகளார் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். மதிப்பும் வசதியும் உள்ள குடும்பம். ஊரில் உயர்வாக எண்ணப்பட்ட குலம். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தம்மைத் தேவமாதாவின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். இலங்கையில் கத்தோலிக்க மக்கள் குருவானவர் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது முதல் அவர் மனம் இங்கேயே இருந்தது. ஆனால் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். முகஞ்சுளிக்காமல் போய், 1681 முதல் 1684 வரை அங்கே உழைத்தார்.

அக்காலத்து இலங்கையின் நிலை என்ன? 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்கு இடங்கொடுப்பவனுக்கும் தண்டனை என்று சட்டம் வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அப்போது பிறந்த குழந்தை, குருவானவர் ஒருவரின் முகத்தைக் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். இதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்!

இந்த இருளுக்குள் நுழையத்தான் அடிகளார் புறப்பட்டார். குரு உடை அணிந்து வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே கூலியாளைப்போல் உடுத்தி, வெறுங்காலோடு, யோவான் என்ற ஊழியரை மட்டும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நடந்தார். தூத்துக்குடி வந்து தோணியேறி, 1687-இல் இலங்கையின் வடபகுதியை அடைந்தார். வந்ததும் வராததுமாக வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. அறியாத ஊர், கையில் காசில்லை, தாம் யாரென்று வாய்திறந்து சொல்லவும் வழியில்லை. அப்படியிருந்தும் இறைவன் அருளால் பிழைத்தெழுந்தார்.

இனி, யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் ஆபத்து. அதனால் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மலர்கிறது, எவர் கண் கலங்குகிறது என்று கவனித்தார். ஒளித்து வைத்திருந்த விசுவாசம் அந்த மணிகளைக் கண்டு வெளியே வந்தது. பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்கு உறைவிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளிலே திருப்பலி நிறைவேற்றினார். தமிழையும் கற்றுத் தேர்ந்தார்.

1689-ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். கொடிய அடி பட்டு உயிர்விட்டவரும் உண்டு. அடிகளார் மட்டும் அகப்படவில்லை. அங்கே தொடர்ந்து இருப்பது முடியாத காரியமாகவே, 1690-இல் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளம் போனார். 1692-இல் கண்டிக்கு ஏறி வந்தார். வந்தவரை வரவேற்றது சிறை. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இவர் போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று கோள் சொல்லியிருந்தார். யோவானும் கூடவே காவலில் வைக்கப்பட்டார். அடிகளார் அந்த நாட்களையும் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார், காவல் மெல்லத் தளர்ந்ததும் அங்கேயே திருப்பலி நிறைவேற்றி, தேடி வந்தவர்களுக்கு ஞானப்பணி செய்தார்.

பின்னர் கடும் வறட்சி வந்தது. மழைக்காக அடிகளார் பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், மழை கொட்டியபோது அவர் மட்டும் நனையவில்லை என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய உத்தமத்தைக் கண்டு, தம் இராச்சியமெங்கும் சென்று போதிக்க அவருக்கு அனுமதி அளித்தார். கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர் மூடிய கதவைப் பௌத்த அரசர் திறந்துவிட்டார் என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆனால் கண்டி மக்களின் மனத்தை வென்றது மழை மட்டும் அல்ல. 1697-இல் பெரியம்மை நகரத்தைச் சூறையாடியது. மன்னரும் வசதி படைத்தவர்களும் நகரை விட்டகன்றார்கள். நோயாளிகளை அவர்களுடைய சொந்தக்காரரே கைவிட்டு ஓடினார்கள். அப்பொழுது அடிகளாரும், அவருடைய மருமகனான யோசவ் கர்வாலோ அடிகளாரும் குடிசை கட்டி, கைவிடப்பட்டவர்களைக் கிடத்தி, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டினார்கள். இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவன் என்று பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவர் செய்த பிரசங்கம் அதுவே.

அதன் பின்னும் அவருடைய பிரயாணம் ஓயவில்லை. ஒல்லாந்தர் கைவசமிருந்த கொழும்பு, நீர்கொழும்புப் பகுதிகளுக்கும் மாறுவேடத்தில் போய் வந்தார். கோவாவிலிருந்து உடன்குருக்கள் வந்து சேர்ந்தார்கள். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றினார். இவர்கள் எல்லாரும் இந்திய மண்ணில் பிறந்த குருக்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோது, அடிகளார் அதை வேண்டாமென்று தள்ளினார். இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல், 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் திகதி கண்டியில் உயிர்நீத்தார். அவர் கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்று இன்று திட்டமாய்க் காட்டுவார் இல்லை. ஆனால் 1995-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14-ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகவும் உயர்த்தினார்கள்.

மலையகத்துக் குடும்பங்களே, இந்தச் சரித்திரத்தில் நமக்கென்று ஒரு பங்கு உண்டு. அடிகளார் காலத்தில் நம் டிக்கோயாவில் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, எல்லாம் காடு. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் நம் முன்னோர், அவரைப்போலவே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்து கோப்பித் தோட்டங்களிலும், பின்பு தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தவர்களைக் கூலி என்று உலகம் இழிவாக அழைத்தது. அந்தக் கூலியின் கோலத்தைத்தான் உயர்குலத்தில் பிறந்த ஒரு குருவானவர் மனமுவந்து எடுத்து அணிந்தார். பிறர் நமக்கு இழிவென்று சூட்டிய பெயர், அவருக்கு மறைபரப்பின் உடையாயிற்று!

ஆகவே, வெளியூர் போகும் மகனுக்கும் மகளுக்கும் வெறும் புத்திமதி சொல்லி அனுப்பாதீர்கள். இவரைப் பற்றிச் சொல்லி அனுப்புங்கள். போன இடத்தில் மேடை போட்டுப் பேசும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவ்வூர் மக்களின் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். கூட வேலை செய்பவர் காய்ச்சலாய்க் கிடந்தால், அவர் என்ன சமயத்தவர் என்று பாராமல் ஒரு கோப்பை கஞ்சி வைத்துக் கொடுக்கட்டும். கணக்கில் நேர்மையாய் இருக்கட்டும். இரவில் படுக்குமுன் செபமாலையைக் கையில் எடுக்கட்டும். அதைக் காணும் ஒருவர், தாமும் மறந்துபோன தம் செபமாலையைத் தேடி எடுக்கக்கூடும்.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அடிகளார் சில்லாலைக்கு வந்தபோது அங்கே விசுவாசம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் யார்? குருவானவர் இல்லாத அந்த முப்பது ஆண்டுகளில் மாலைச் செபத்தைக் கைவிடாத தாய் தந்தையரே அல்லவா? நம் லயத்து வீட்டில் இன்று விளக்கேற்றிச் சொல்லப்படும் செபம்தான் நாளைக்கு நம் பிள்ளையோடு பிரயாணம் செய்யும்.