கான்பூரில் வழக்கு, கான்பூரிலேயே பதில்: சிங்காரவேலரின் வாழ்க்கை

மே முதல் நாள் நமக்குப் பொது விடுமுறை. தொழிலாளர்களின் உரிமை நாளான அதை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டாடியவர் ஒரு தமிழர். சென்னையைச் சேர்ந்த ம. சிங்காரவேலர்தான் அவர். அதற்கு அடுத்த ஆண்டே, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த கான்பூர் நகரில் அவர் மீது சதி வழக்குத் தொடரப்பட்டது.

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-ஆம் தேதி, சென்னைக் கடற்கரையை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். புத்தரின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு, அது குறித்த கூட்டங்களைத் தம் வீட்டிலேயே நடத்தினார். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பரவியபோது, தமது வழக்கறிஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிட்டு எரித்தார். அதன்பின் அவர் நீதிமன்றத் தொழிலுக்குத் திரும்பவில்லை.

1922-இல் கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், தொழிலாளர்களையும் விவசாயிகளையும் ஒதுக்கிவிட்டு விடுதலை பெற முடியாது என்று வாதாடினார். தம்மைப் பொதுவுடைமையாளர் என்றும் அங்கு வெளிப்படையாக அறிவித்துக் கொண்டார். 1923 மே முதல் நாள் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே தினக் கூட்டங்களை நடத்தி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தொடங்கினார்.

இவையெல்லாம் பலரறிய நடந்தவை. ஆனாலும் 1924 மார்ச் மாதம் அவர் கைது செய்யப்பட்டார். வெளிநாட்டில் இருந்த எம்.என். ராய், பம்பாயின் டாங்கே, வங்காளத்தின் முசாபர் அகமது உள்ளிட்ட எட்டுப் பேர் மீது கான்பூரில் பதிவான வழக்கில் அவர் பெயரும் இருந்தது. இந்தியாவின் மீது மாமன்னருக்குள்ள ஆட்சியுரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

சென்னையில் இருந்தவர் கான்பூரில் எப்படிக் குற்றம் செய்ய முடியும்? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121-ஏ பிரிவு அதற்கு வழி வைத்திருந்தது. அந்தப் பிரிவின்படி செயல் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. சதி செய்ய உடன்பட்டதாகக் காட்டினாலே போதும். அதற்குச் சான்றாகக் காவல்துறை பயன்படுத்தியது கடிதங்களை. வெளிநாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் வழியிலேயே பிரித்துப் படிக்கப்பட்டிருந்தன. ராய்க்கும் சிங்காரவேலருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது.

அப்போது சிங்காரவேலருக்கு 64 வயது. உடல்நலம் குன்றியிருந்ததால் அவர் ஜாமீனில் விடப்பட்டார். விசாரணைக்காக அவரைக் கான்பூருக்குக் கொண்டு செல்லவில்லை. அவர் மீதான வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் தலா நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

வயதையும் நோயையும் காரணம் காட்டி அவர் அத்துடன் ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1925 டிசம்பர் இறுதியில், காங்கிரஸ் மாநாடு நடந்த அதே வேளையில், இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கான்பூரில் கூடியது. அதற்குத் தலைமை ஏற்க, தம்மைக் குற்றவாளியாக நிறுத்த முயன்ற அதே ஊருக்கு 65 வயதில் ரயிலேறினார் சிங்காரவேலர். காசநோயால் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டிருந்த முசாபர் அகமதுவும் அங்கு வந்திருந்தார். சதி என்று அரசு சொன்ன கொள்கையை, ஊரறிய மேடையில் நின்று சிங்காரவேலர் விளக்கினார். நீதிமன்றத்தில் சொல்ல வாய்க்காத பதிலை அவர் அந்த மேடையில் சொன்னார் என்றே கொள்ள வேண்டும்.

சிறையும் அவரை விட்டுவிடவில்லை. 1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றதற்காக அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 18 மாதங்களாகக் குறைந்தது. 1930-இல் விடுதலையான பிறகு, பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியலையும் சமதர்மத்தையும் எளிய தமிழில் தொடர்ந்து எழுதினார்.

1946 பிப்ரவரி 11-ஆம் தேதி, 86 வயது நிறைவடைய ஒரு வாரம் இருந்தபோது சிங்காரவேலர் காலமானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அவர் பறிக்கச் சதி செய்ததாகக் கான்பூர் வழக்கில் சொல்லப்பட்ட மாமன்னரின் ஆட்சியுரிமை, 1950-இல் இந்தியா குடியரசானபோது முடிவுக்கு வந்தது.