இசை நாடகப் பேரரசி மரியா கல்லாஸ்

மேலைநாட்டு இசையில் ஓபரா எனப்படும் இசை நாடகத்திற்குத் தனியிடம் உண்டு. அதில் கதை பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும். மேடைக்கு முன்னே பள்ளத்தில் பெரிய வாத்தியக் குழு முழங்க, ஒலிபெருக்கியின் துணையின்றி, அரங்கின் கடைசி வரிசை வரை தம் குரலைக் கொண்டு சேர்க்க வேண்டியவர் பாடகர். பெண் குரல்களில் மிக உச்சத்தில் சஞ்சரிப்பதைச் சொப்ரானோ என்பர். அதிலும் கனத்த குரல், மெல்லிய குரல் எனப் பிரிவுகள் உண்டு. கனத்த குரலினர் வீரமும் ஆவேசமும் மிக்க பாத்திரங்களை ஏற்பர். மெல்லிய குரலினர் விரைந்து இழையும் நுண்ணிய சங்கதிகள் நிறைந்த பாடல்களைப் பாடுவர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் பெரும்பாலும் கால் வைப்பதில்லை. இந்த வரப்பை வெட்டியெறிந்தவர் மரியா கல்லாஸ் அம்மையார். அதனால் அவர் பெற்ற புகழையும், அதற்காக அவர் கொடுத்த விலையையும் பற்றியதே இக்கட்டுரை.

1923ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நியூயார்க் நகரில், கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். தந்தையார் மருந்துக் கடைக்காரர். இறந்துபோன ஆண் குழந்தைக்கு ஈடாக மற்றோர் ஆண் மகவை எதிர்பார்த்திருந்த தாய்க்கு இக்குழந்தையின் வரவு ஏமாற்றமாக இருந்ததாம். அழகிய மூத்த மகளே தாயின் செல்லம். பருத்த உடலும் தடித்த கண்ணாடியுமாக வளர்ந்த இளையவளிடம் குரல் இருப்பதைக் கண்ட பின்னரே தாயின் பார்வை இவர் பக்கம் திரும்பியது. 1937ஆம் ஆண்டு கணவரைப் பிரிந்த தாய், மகளிர் இருவருடன் ஏதென்ஸ் நகருக்குத் திரும்பினார்.

அங்கேதான் நல்ல குரு வாய்த்தார். ஸ்பெயின் நாட்டுப் பாடகியான எல்விரா டி இடால்கோ என்பவர் ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். கல்லாஸ் தம் பாடம் முடிந்த பின்னும் வீடு திரும்பமாட்டார். காலையில் வந்தவர் மாலை வரை அமர்ந்து ஏனைய மாணவர்களின் பாடங்களையும் கேட்டுக் கொண்டிருப்பார். கனத்த குரலினர் பாடங்களும், மெல்லிய குரலினர் பாடங்களும் ஒருங்கே அவர் செவியில் ஏறின. பின்னாளில் உலகம் வியந்த வித்தையின் வேர் இந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கிட்டப்பார்வை மிகுந்த அவருக்கு மேடையிலிருந்து இசை நடத்துநரின் கைகூடச் சரியாகத் தெரியாது. ஆகவே நாடகம் முழுவதையும், பிறர் பகுதிகள் உட்பட, மனப்பாடமாக்கிக் கொண்டார். குறையே பயிற்சியாக மாறிற்று!

உலகப் போரில் கிரேக்கம் அந்நியப் படைகளின் பிடியில் சிக்கிப் பஞ்சத்தில் வாடிய ஆண்டுகளில், 1942ஆம் ஆண்டு, புச்சீனியின் தோஸ்கா நாடகத்தில் தலைவியாக நடித்தார். வயது பதினெட்டு. போர் முடிந்ததும் நியூயார்க் சென்று ஏறக்குறைய ஈராண்டுகள் வாய்ப்பின்றிக் காத்திருந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் இத்தாலியின் வெரோனா நகரத்துப் பழைய ரோமானிய வெளியரங்கில் லா ஜோகோண்டா நாடகத்தில் பாடினார். நடத்தியவர் முதுபெரும் இசை நடத்துநர் துல்லியோ செராஃபின். அங்கேதான் தொழிலதிபர் மெனெகினியையும் சந்தித்தார். 1949இல் அவரை மணந்தார்.

அந்த 1949ஆம் ஆண்டின் ஜனவரி மாதம் கல்லாஸின் வாழ்வில் மட்டுமன்றி, ஓபரா வரலாற்றிலேயே குறிக்கத்தக்கது. வெனிஸ் நகரில் வாக்னரின் வால்கியூர் நாடகத்தில் போர்க்கன்னியாகப் பாடிக் கொண்டிருந்தார். கனத்த குரலுக்கே உரிய பாத்திரம் அது. அப்போது அதே அரங்கில் அடுத்து நடைபெறவிருந்த பெல்லினியின் பியூரித்தானி நாடகத் தலைவி நோயுற்றார். அது நுண்ணிய சங்கதிகள் நிறைந்த மெல்லிய குரலுக்குரிய பாத்திரம். செராஃபின் கல்லாஸைப் பாடச் சொன்னார். கையில் இருந்ததோ ஏறத்தாழ ஒரு வாரம். இரவில் வாக்னரைப் பாடுவதும் பகலில் பெல்லினியைக் கற்பதுமாகச் சில நாட்கள் கழிந்தன. ஜனவரி 19ஆம் நாள் மேடையேறினார். மறுநாள் இத்தாலி முழுவதும் அவர் பெயர் பரவியது.

அதன் பின் வந்தவை வெற்றி ஆண்டுகள். 1951 டிசம்பரில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கப் பருவத்தைத் தொடங்கி வைத்தார். 1952இல் இலண்டனில் நோர்மா, 1954இல் சிகாகோ, 1956இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கம். கெருபீனியின் மெதேயா, தொனிசெத்தியின் அன்னா பொலேனா போன்ற, மேடையில் அருகிப்போயிருந்த நாடகங்கள் அவரால் புத்துயிர் பெற்றன. இலண்டன் நோர்மாவில் தோழியாகச் சிறு வேடம் ஏற்ற ஜோன் சதர்லேண்ட், பின்னர் அதே வகை நாடகங்களிலேயே உலகப் புகழ் எய்தினார் என்பது சுவையான செய்தி.

அவர் குரல் இலக்கணப்படி அழகியது அன்று. மேல், நடு, கீழ் ஆகிய மூன்று நிலைகளிலும் மூன்று வேறு குரல்கள் போல் ஒலிக்கும்; உச்சத்தில் சில வேளை கூர்மையாகி நடுங்கும். குறை கூறியோர் பலர். ஆயினும் 1953இல் பதிவான தோஸ்கா இசைத்தட்டைக் கேட்போர்க்கு இக்குறைகள் நினைவுக்கு வருவதில்லை. அச்சம், பொறாமை, வெறுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர் குரலில் தனி நிறம் உண்டு. 1953-54 ஆண்டுகளில் முப்பது கிலோவுக்கு மேல் உடல் இளைத்தார். 1955இல் விஸ்கோந்தி இயக்கிய டிராவியாட்டாவில் நோயால் மெலிந்த நாயகியாகவே தோன்றினார்.

ஆனால் குரல் தளரத் தொடங்கிவிட்டது. 1958ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் ரோம் நகரில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் முன்னிலையில் நோர்மாவின் முதல் அங்கத்தோடு பாட இயலாமல் நிறுத்திக் கொண்டார். செருக்கு என்றன பத்திரிகைகள். அதே ஆண்டு நவம்பரில் மெட்ரோபாலிடன் அரங்க நிர்வாகி பிங் அவரது ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். காரணம் என்ன தெரியுமா? மாக்பெத் சீமாட்டியின் கனத்த பாத்திரத்தையும் டிராவியாட்டா நாயகியின் மென்மையான பாத்திரத்தையும் நெருங்கிய இடைவெளியில் மாறி மாறிப் பாட அவர் இசையவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வெனிஸில் செய்து காட்டிய அதே வித்தையைத்தான் அவரிடம் கேட்டார்கள்! செருக்கன்று அது, கையிருப்பைக் கணக்குப் பார்த்தவரின் அச்சம்.

உடல் இளைத்ததே காரணம் என்பர் சிலர். தசைகளை நலிவிக்கும் நோய் என்பர் பிற்கால ஆய்வாளர் சிலர். இருக்கலாம். எனினும் இருபத்தைந்து வயதில் எல்லாப் பாத்திரங்களையும் ஒருசேரச் சுமந்த குரல், நாற்பதில் களைத்தது வியப்பன்று. பொறுத்துப் பாடியிருந்தால் இன்னும் இருபதாண்டுகள் பாடியிருப்பார். கல்லாஸாக இருந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

1959இல் கணவரைப் பிரிந்ததையும், கப்பல் அதிபர் ஒனாசிஸுடன் கொண்ட நட்பையும், 1968இல் அவர் கென்னடியின் துணைவியாரை மணந்ததையும் இதழ்கள் எழுதித் தீர்த்துவிட்டன, நாம் விட்டுவிடலாம். 1965 மே மாதம் பாரிஸில் நோர்மாவின் இறுதிக் காட்சியை முடிக்க இயலாது போயிற்று. ஜூலை 5ஆம் நாள் இலண்டனில் தோஸ்காவாகப் பாடியதே கடைசி நாடகம். வயது நாற்பத்தொன்று.

1971-72இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் இளம் பாடகர்களுக்கு வகுப்பு நடத்தினார். இசையமைப்பாளர் எழுதிய ஒவ்வொரு சுரத்துக்கும் சொல்லுக்கும் பொருள் காண வேண்டும் என்பதே அவர் போதனை. மேடையேறத் துணிந்த மாணவர்களுக்குப் பாடிக் காட்டியபோது, தளர்ந்த குரலிலும் பாத்திரம் உயிர்பெற்றது என்பதற்கு ஒலிப்பதிவுகள் சான்று. 1973-74இல் பழைய தோழர் தி ஸ்தெஃபானோவுடன் நாடுதோறும் சென்று பாடினார். ஜப்பானின் சப்போரோ நகரில் 1974 நவம்பர் 11ஆம் நாள் அது நிறைவுற்றது.

1977 செப்டம்பர் 16ஆம் நாள் பாரிஸில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. அவருடைய அஸ்தி 1979ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் தூவப்பட்டது.