குட்டிக் கைகளுக்கு ஒரு குட்டிப் புத்தகம்

குட்டீஸ்! நீல நிறக் கோட்டு போட்ட ஒரு முயல்குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளைப் பொத்தான் வைத்த புத்தம் புதுக் கோட்டு அது. அம்மா போகக் கூடாது என்று சொன்ன தோட்டத்துக்கே போய், வயிறு முட்டக் காய்கறிகளைத் தின்று, தோட்டக்காரரிடம் மாட்டிக்கொள்ளாமல் தலைதெறிக்க ஓடி வரும் சுட்டி முயல். அதன் பெயர் பீட்டர்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வாண்டுகள்கூட அம்மா மடியில் உட்கார்ந்து, படங்களைத் தொட்டுத் தொட்டு இந்தக் கதையைக் கேட்டு வருகிறார்கள். இந்த முயலுக்கு உயிர் கொடுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர். அவருடைய வாழ்க்கையில் எத்தனை கதவுகள் அடைக்கப்பட்டன தெரியுமா? வாருங்கள், பார்ப்போம்!

1866ம் ஆண்டு ஜூலை 28ம் தேதி, லண்டன் நகரின் கென்சிங்டன் பகுதியில் பியாட்ரிக்ஸ் பிறந்தார். அப்பா ரூபர்ட் ஒரு வழக்கறிஞர். தாத்தா துணிகளில் பூ அச்சிடும் தொழிலில் நிறையப் பணம் சேர்த்தவர். பெரிய வீடு, வேலையாட்கள் என்று எதற்கும் குறைவில்லை. ஆனால், அந்தச் சிறுமிக்கு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. விளையாட நண்பர்கள்! பியாட்ரிக்ஸைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ராம்தான் ஒரே கூட்டாளி.

மனிதர்கள் நண்பர்களாகக் கிடைக்காவிட்டால் என்ன? அக்காவும் தம்பியும் வேறு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் என்று அவர்களுடைய அறையே ஒரு குட்டி மிருகக்காட்சி சாலை ஆகிவிட்டது. பியாட்ரிக்ஸ் அவற்றைக் கொஞ்சியதோடு நிற்கவில்லை. மணிக்கணக்கில் உற்றுப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தார். முயல் காதை எப்போது விறைக்கிறது, எலி முன்னங்கால்களால் எப்படி உணவைப் பிடிக்கிறது என்று எல்லாவற்றையும் கவனித்தார். வளர்த்த பிராணி ஏதாவது இறந்துபோனால், அதன் எலும்புகளைச் சுத்தம் செய்து, எந்த எலும்பு எதோடு சேர்கிறது என்று பார்த்து அதையும் வரைந்தார். கேட்க ஒரு மாதிரி இருக்கிறதா? பின்னாளில் அவர் வரைந்த பிராணிகள் நிஜம்போலவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடைக்காலம் வந்தால் குடும்பம் ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்துக்குப் போய்விடும். காடு, ஆறு, வயல் என்று அங்கே பியாட்ரிக்ஸ் சிட்டாகப் பறந்தார். 1882ம் ஆண்டில் முதன்முறையாக வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குப் போனார்கள். பெயருக்கு ஏற்றபடி மலைகளும் ஏரிகளும் நிறைந்த இடம் அது. அப்போது 16 வயது நெருங்கிக்கொண்டிருந்த பியாட்ரிக்ஸுக்கு அந்த மண் ரொம்பவே பிடித்துப் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடியும் இங்கே வரப்போகிறோம்!

பியாட்ரிக்ஸ் நாட்குறிப்பும் எழுதினார். அதை யாரும் படித்துவிடக் கூடாதே! அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறு ஓர் அடையாளத்தைப் போட்டு, ரகசிய மொழி ஒன்றைத் தானே உருவாக்கினார். சுமார் 15 வயதிலிருந்து 30 வயது வரை அப்படியே எழுதினார். அவர் மறைந்த பிறகு, லெஸ்லி லிண்டர் என்பவர் பல ஆண்டுகள் மண்டையைக் குடைந்து, 1958ம் ஆண்டில்தான் அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார்!

வளர்ந்த பிறகு பியாட்ரிக்ஸுக்குக் காளான்கள் மீது ஆர்வம் வந்தது. நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, நூற்றுக்கணக்கான காளான் படங்களை வரைந்தார். காளானின் மிக நுண்ணிய வித்துக்கள் எப்படி முளைக்கின்றன என்று வீட்டிலேயே சோதனை செய்து, ஒரு கட்டுரையும் எழுதினார். 1897ம் ஆண்டு ஏப்ரல் 1ம் தேதி அது லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. ஆனால், எழுதியவர் அங்கே இல்லை. காரணம், அந்தக் காலத்தில் பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரக்கூட முடியாது! வேறொருவர்தான் அவருடைய கட்டுரையைக் கொண்டுபோனார். அது அச்சாகவே இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1997ம் ஆண்டில் அதே சங்கம் அவரை அப்படி நடத்தியதற்காக வருத்தம் தெரிவித்தது. அவருடைய காளான் படங்களோ, 1967ம் ஆண்டிலேயே ஓர் அறிவியல் நூலில் இடம்பிடித்துவிட்டன.

விஞ்ஞானியாகும் கதவு அடைபட்டது. ஆனால், இன்னொரு கதவு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரியாமல் திறந்திருந்தது. அதைத் திறந்தவன் ஐந்து வயதுப் பையன் ஒருவன்!

பியாட்ரிக்ஸுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆனி என்ற ஆசிரியைக்குத் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். மூத்தவன் பெயர் நோயல். 1893ம் ஆண்டு அவன் உடம்பு சரியில்லாமல் படுத்துக் கிடந்தான். அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார் பியாட்ரிக்ஸ். என்ன எழுதுவது என்றே தோன்றவில்லை. சரி, ஒரு கதை சொல்லலாம் என்று நான்கு முயல்குட்டிகளைப் பற்றி எழுதி, பக்கத்திலேயே படங்களும் வரைந்து அனுப்பினார். தான் செல்லமாக வளர்த்த பீட்டர் பைப்பர் என்ற முயலின் பெயரையே சுட்டி முயலுக்கு வைத்தார்.

அந்தக் கடிதத்தை நோயல் என்ன செய்தான் தெரியுமா? தூக்கி எறியவில்லை. ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தான்! 1900ம் ஆண்டில், இந்தக் கதையைப் புத்தகமாகப் போடலாமே என்று ஆனி யோசனை சொன்னார். உடனே நோயலிடமிருந்து கடிதத்தைக் கடன் வாங்கி, கதையைக் கொஞ்சம் நீட்டி, புதிய படங்களையும் வரைந்தார் பியாட்ரிக்ஸ்.

பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஆறு பேர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பியாட்ரிக்ஸ் விரும்பியதோ சின்னஞ்சிறு புத்தகம். ஏன் தெரியுமா? படிக்கப் போகிறவர்களின் கைகள் சிறியவை அல்லவா? விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். குழந்தைகளால் வாங்க முடியாத புத்தகம் குழந்தைகளுக்கு எதற்கு என்பது அவர் எண்ணம்.

யாரும் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று முடிவு செய்தார். 1901ம் ஆண்டு டிசம்பரில், சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சடித்தார். அத்தனையும் மளமளவென்று தீர்ந்துபோயின. ஏற்கெனவே மறுத்த ஆறு பேரில் ஒருவரான பிரெடரிக் வார்ன் நிறுவனம், இப்போது தானே புத்தகத்தை வெளியிட முன்வந்தது. படங்கள் எல்லாம் வண்ணத்தில் வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டார். ஆனால், புத்தகத்தின் அளவு மட்டும் சிறியதாகவே இருந்தது. 1902ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த முதல் பதிப்பின் 8,000 பிரதிகளும், புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன!

அப்படி என்ன இருந்தது அந்தப் புத்தகத்தில்? ஒரு பக்கம் படம், எதிர்ப் பக்கம் சில வரிகள். அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினால்தான் பீட்டர் தப்பித்தானா, மாட்டிக்கொண்டானா என்று தெரியும். படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படமே கதை சொல்லிவிடும். பீட்டர் கோட்டு போட்டிருந்தாலும் அவன் நிஜ முயல்தான். கோட்டையும் செருப்பையும் தொலைத்துவிட்டால், நான்கு கால்களில் பாய்ந்து ஓடுவான். சிறு வயதில் உற்றுப் பார்த்துப் பார்த்து வரைந்ததற்குக் கிடைத்த பலன் இது.

அடுத்தடுத்து அணில், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பூனைக்குட்டி, வாத்து என்று ஒவ்வொன்றாகப் புத்தகத்துக்குள் குடியேறின. இந்த வரிசையில் மொத்தம் 23 குட்டிக் கதைகள்!

இந்த நேரத்தில் பெரிய சோகம் ஒன்றும் வந்தது. பதிப்பகத்தில் அவருடைய புத்தகங்களைக் கவனித்துக்கொண்ட நார்மன் வார்னும் பியாட்ரிக்ஸும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். வியாபாரக் குடும்பத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று பியாட்ரிக்ஸின் பெற்றோர் எதிர்த்தார்கள். ஆனாலும் பியாட்ரிக்ஸ் சம்மதம் சொன்னார். அது 1905ம் ஆண்டு ஜூலை மாதம். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25ம் தேதி, நார்மன் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 37.

பியாட்ரிக்ஸ் உடைந்துபோனார். ஆனால், முடங்கிப் போகவில்லை. அதே ஆண்டில், லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள நியர் சாரே என்ற கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். புத்தகம் விற்ற பணம் அதற்குக் கைகொடுத்தது. அந்த வீடும், தோட்டமும், அங்கே வளர்ந்த வாத்துகளும் அப்படியே அவருடைய கதைகளுக்குள் வந்தன. நிலம் வாங்குவதற்கு உதவிய வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞரை 1913ம் ஆண்டில் மணந்தார். அப்போது பியாட்ரிக்ஸுக்கு வயது 47.

அதன்பிறகு புத்தகங்கள் குறைந்தன. ஆடுகள் பெருகின! ஆமாம், ஹெர்ட்விக் என்ற அந்தப் பகுதிக்கே உரிய ஆட்டினத்தைக் காப்பாற்றுவதில் இறங்கினார். கொட்டும் மழையையும் கடும் குளிரையும் மலையில் தாங்கக்கூடிய ஆடுகள் அவை. கனமான கம்பளி உடையும் மரக்கட்டைச் செருப்பும் அணிந்து சேற்றில் நடந்த அந்த அம்மாளைப் பார்த்தால், உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் என்று யாரும் சொல்ல முடியாது.

அழகான மலைச்சரிவுகளைத் துண்டு போட்டு விற்று, வீடுகள் கட்டிவிடுவார்களோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதனால் பண்ணைகள் விலைக்கு வரும்போதெல்லாம் வாங்கிப் பாதுகாத்தார். 1943ம் ஆண்டு டிசம்பர் 22ம் தேதி, 77 வயதில் அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தையும் பல பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து மேய வேண்டும் என்பது அவர் விருப்பம். 2017ம் ஆண்டில் லேக் டிஸ்ட்ரிக்ட், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. ஆறு பேர் திருப்பி அனுப்பிய பீட்டர் முயல் கதையோ, 4.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது!

பார்த்தீர்களா குட்டீஸ்? பள்ளிக்கூடக் கதவு திறக்கவில்லை. அறிவியல் சங்கத்தின் கதவு திறக்கவில்லை. பதிப்பகங்களின் கதவும் முதலில் திறக்கவில்லை. ஆனால், உற்றுப் பார்ப்பதையும் வரைவதையும் பியாட்ரிக்ஸ் எப்போதும் நிறுத்தவில்லை. அந்தப் பழக்கத்தை யாராலும் பூட்டி வைக்க முடியாது அல்லவா?

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பக்கம் வரும் அணிலையோ காக்கையையோ பத்து நிமிடம் அசையாமல் கவனியுங்கள். பிறகு ஒரு தாளில் வரைந்து பாருங்கள். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் நண்பன் யாராவது இருந்தால், கூடவே ஒரு குட்டிக் கதையும் எழுதி அவனுக்குக் கொடுங்கள். அவனும் அதை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பான்!